மரணத்தோடு முடியாத நன்றி

 



ஆண்டுதோறும் டிசம்பர் 26ஆம் நாள் காலையில் காரைக்கால் மாவட்டத்து மீனவ மக்கள் கடற்கரையில் கூடுகின்றனர். 2004ஆம் ஆண்டு அதே நாளில், ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில், ஆழிப்பேரலை வாரிச்சென்ற தம் உறவுகளை நினைத்து மலர் தூவுகின்றனர், கண்ணீர் வடிக்கின்றனர். அந்தக் காட்சியைக் காணும்போதெல்லாம் ஒரு கேள்வி என் உள்ளத்தை அரிக்கிறது. நமக்கு நன்மை செய்தவர் உயிரோடு இருந்தால் அவர் கையைப் பற்றி நன்றி சொல்லலாம். அவர் மண்ணுக்குள் சென்றுவிட்டால், அல்லது கடலோடு போய்விட்டால், நாம் பட்ட நன்றிக்கடன் என்னவாகிறது? அது அவரோடு சேர்ந்து மறைந்துவிடுகிறதா? இல்லை, நம் கழுத்திலேயே தொங்கிக்கொண்டிருக்கிறதா?

இந்தக் கேள்விக்கு மார்க்கம் தரும் விடையைத்தான் இக்கட்டுரையில் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

நன்றியின் மூன்று இடங்கள்

நன்றி செலுத்துவதை அரபியில் ‘ஷுக்ர்’ என்கிறோம். அது மூன்று இடங்களில் நிகழ்கிறது என்று நம் உலமாக்கள் விளக்குவர். முதலாவது உள்ளம். கிடைத்த நன்மையை நன்மை என உணர்ந்து ஒப்புக்கொள்வது அதன் வேலை. இரண்டாவது நாவு. அந்த நன்மையை எடுத்துச்சொல்வது அதன் வேலை. மூன்றாவது உறுப்புகள். கையும் காலும் அந்த நன்றியைச் செயலாக ஆக்க வேண்டும். உள்ளத்தில் இருந்து நாவுக்கு வராத நன்றி ஊமை நன்றி. நாவோடு நின்றுவிடும் நன்றி முடமான நன்றி.

நன்றி செலுத்துவோருக்கு அருளை மேலும் பெருக்கித் தருவதாக இப்ராஹீம் எனும் அத்தியாயத்தின் ஏழாவது வசனத்தில் அல்லாஹ் வாக்களிக்கிறான். லுக்மான் அத்தியாயத்தின் பதினான்காவது வசனத்தில், தனக்கு நன்றி செலுத்துமாறு கட்டளையிடும் அதே மூச்சில் பெற்றோருக்கும் நன்றி செலுத்துமாறு கட்டளையிடுகிறான். மனிதர்களுக்கு நன்றி பாராட்டாதவன் அல்லாஹ்வுக்கும் நன்றி பாராட்டாதவனே என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்த செய்தி அபூதாவூத், திர்மிதீ ஆகிய நூல்களில் பதிவாகியுள்ளது. ஆகவே மனிதனுக்குச் செய்யும் நன்றி வேறு, இறைவனுக்குச் செய்யும் நன்றி வேறு என்று பிரித்துவிட முடியாது. ஒன்றில் கஞ்சனாக இருப்பவன் மற்றொன்றில் வள்ளலாக இருக்க இயலாது.

கதீஜா நாயகியின் தோழியர்

அன்னை கதீஜா (ரலி) அவர்கள் ஹிஜ்ரத்திற்கு ஏறக்குறைய மூன்றாண்டுகளுக்கு முன் மறைந்தார்கள். நபித்துவத்தின் முதல் நாளில் நடுங்கி வந்த நபியவர்களைப் போர்த்தி ஆறுதல் சொன்னவர் அவர். ஊரே பொய்ப்பித்தபோது முதலில் நம்பியவர். தம் செல்வத்தை எல்லாம் கணவரின் பணிக்காகக் கொடுத்தவர். அவர் மறைந்த ஆண்டையே ‘துக்க ஆண்டு’ என வரலாற்றாசிரியர்கள் குறித்தார்கள்.

அதன் பின் நபியவர்கள் மதீனா சென்றார்கள். ஓர் ஆட்சியின் தலைவரானார்கள். வேறு மனைவியரும் வந்தனர். ஆயினும் கதீஜாவை மறந்தார்களா? தாம் கண்ணால் கண்டிராத கதீஜாவின் மீது கொண்ட அளவு ரோஷம் வேறு எவர் மீதும் கொண்டதில்லை என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்களே ஒளிவுமறைவின்றிச் சொல்கிறார்கள். காரணம், நபியவர்கள் அவரைப் பற்றி அடிக்கடி பேசுவார்கள். ஆடு அறுத்தால் அதைத் துண்டுகளாக்கி, கதீஜாவின் தோழியருக்கு அனுப்பிவைப்பார்கள். (நூல்: புகாரி)

இங்கே சற்று நின்று சிந்தியுங்கள். கதீஜா நாயகிக்கு இனி இறைச்சி தேவையில்லை. அவருக்குக் கொடுக்க நினைத்ததை நபியவர்கள் அவர் நேசித்தவர்களுக்குக் கொடுத்தார்கள். நன்றி தன் முகவரியை மாற்றிக்கொண்டது; நின்றுவிடவில்லை. ஒருநாள் கதீஜாவின் சகோதரி ஹாலா அவர்கள் வாசலில் வந்து அனுமதி கேட்டார். அந்தக் குரல் கதீஜாவின் குரலை நினைவூட்ட, நபியவர்கள் உள்ளம் சிலிர்த்தார்கள் என்பதும் அதே புகாரியில் உள்ள செய்தி.

பத்ருப் போரில் கைதியாகப் பிடிபட்ட தம் கணவர் அபுல் ஆஸை மீட்க, நபியவர்களின் மகளார் ஸைனப் (ரலி) அவர்கள் ஒரு கழுத்தணியை அனுப்பினார்கள். அது திருமணத்தின்போது தாய் கதீஜா அணிவித்து அனுப்பிய கழுத்தணி. அதைக் கண்டதும் நபியவர்கள் மிகவும் நெகிழ்ந்துபோனார்கள். தோழர்களுக்குச் சம்மதமானால் கைதியை விடுவித்து, அணியையும் திருப்பி அனுப்பிவிடலாமே என்று கேட்டார்கள். தோழர்கள் மகிழ்வோடு இசைந்தார்கள். (நூல்: அபூதாவூத்)

இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் தம் நூலின் ஒழுக்கவியல் பகுதியில், கதீஜாவின் தோழியர் பற்றிய செய்தியை ஒரு தனித் தலைப்பின் கீழ் வைத்துள்ளார்கள். பழைய பிணைப்பை அழகாகப் பேணுவது ஈமானைச் சேர்ந்தது என்பதே அத்தலைப்பின் பொருள். இதை வெறும் நற்குணம் என்று அவர்கள் விட்டுவிடவில்லை. ஈமானின் கணக்கில் சேர்த்தார்கள்.

தந்தையின் தோழர்

இதே வழியில் நடந்தவர் அப்துல்லாஹ் பின் உமர் (ரலி) அவர்கள். மக்காவை நோக்கிச் செல்லும் வழியில் ஒரு கிராமத்து அரபியைச் சந்தித்தார்கள். ஸலாம் சொல்லி, தாம் ஏறிவந்த கழுதையில் அவரை ஏற்றினார்கள். தம் தலையில் இருந்த தலைப்பாகையைக் கழற்றி அவருக்கு அணிவித்தார்கள். உடன் வந்தவர்கள் வியந்தனர். கிராமத்து அரபிகள் சிறிதளவு கொடுத்தாலே திருப்தி அடைவார்களே, இவ்வளவு எதற்கு என்று கேட்டனர். இவருடைய தந்தை என் தந்தை உமருக்கு நண்பராக இருந்தவர் என்று பதிலளித்த இப்னு உமர், தந்தையின் அன்புக்கு உரியவர்களோடு உறவைப் பேணுவதே நன்மைகளில் மிகச் சிறந்தது என நபியவர்கள் சொல்லத் தாம் கேட்டதாகவும் கூறினார்கள். (நூல்: முஸ்லிம்)

நாம் தந்தையின் வீட்டைப் பங்கிடுகிறோம்; நிலத்தைப் பங்கிடுகிறோம். அவர் விட்டுச்சென்ற நட்பைப் பங்கிட்டுக்கொள்ள யாராவது முன்வருகிறோமா?

மாற்றுச் சமயத்தாருக்கும் இது உண்டா?

இங்கே ஒரு சந்தேகம் எழலாம். நமக்கு உதவியவர் முஸ்லிமல்லாதவராக இருந்து, அந்நிலையிலேயே இறந்துபோனால்? இதற்கும் நபியவர்களின் வாழ்விலேயே விடை உள்ளது.

தாயிஃபில் கல்லடிபட்டுத் திரும்பிய நபியவர்கள், மக்காவுக்குள் நுழைய ஒருவரின் அடைக்கலம் தேவைப்பட்டது. அதைக் கொடுத்தவர் முத்இம் பின் அதீ. தம் மக்களை ஆயுதம் ஏந்தச் செய்து நபியவர்களுக்குக் காவல் நின்றார். ஆனால் அவர் இஸ்லாத்தை ஏற்கவில்லை. பத்ருக்கு முன்பே இறந்துவிட்டார். பத்ரில் எழுபது குறைஷியர் கைதிகளாக நின்றபோது, முத்இம் இன்று உயிரோடு இருந்து இவர்களுக்காக என்னிடம் பேசியிருந்தால் அவருக்காக இவர்களை விட்டிருப்பேன் என்ற கருத்தில் நபியவர்கள் கூறினார்கள். (நூல்: புகாரி)

வெற்றியின் உச்சத்தில் நிற்கும்போது, தம்மைக் கைவிடாத ஒரு மனிதரின் நினைவு அவர்களுக்கு வந்தது. கொள்கையால் வேறுபட்டவர் என்பதால் அவர் செய்த உதவியை மறைக்கவில்லை, சபையறியச் சொன்னார்கள். மார்க்க விஷயத்தில் நம்மோடு போரிடாத, நம்மை வீட்டைவிட்டு வெளியேற்றாத மக்களுக்கு நன்மை செய்வதையும், அவர்களிடம் நீதியாக நடப்பதையும் தான் தடுக்கவில்லை என்று மும்தஹினா அத்தியாயத்தின் எட்டாவது வசனத்தில் அல்லாஹ் தெளிவுபடுத்துகிறான்.

நம் கரையின் கடன்

இந்தப் பாடம் மற்ற ஊர்களைவிட நம் காரைக்கால், நாகூர், நாகப்பட்டினம் கரைக்கு மிகவும் தேவையானது. ஏனெனில் நாம் சபர் செய்யும் மக்கள். பிரெஞ்சு ஆட்சி நடந்த நாளிலேயே இவ்வூரார் சைகோனுக்குக் கப்பலேறினர். பின்னர் சிங்கப்பூர், மலேசியா. அதன் பின் வளைகுடா நாடுகள். நாம் பிழைக்கப் போனபோது நம் தாய் தந்தையர் இங்கே இருந்தனர். அவர்கள் நோயுற்ற இரவுகளில் கதவைத் தட்டியவர் யார்? ஆட்டோ பிடித்தவர் யார்? மகன் வெளிநாட்டில் இருக்க, மையித்தின் அருகே நின்றவர் யார்? ஒவ்வொரு வீட்டிலும் அப்படி ஒரு பெயர் இருக்கும். அது உறவினரின் பெயராக இருக்கலாம். பக்கத்து வீட்டு இந்துச் சகோதரரின் பெயராகவும் இருக்கலாம்.

சுனாமி நாளில் இந்தக் கரை அந்தக் கடனை ஓரளவு நினைவில் வைத்திருந்தது. காரைக்கால்மேடு, கிளிஞ்சல்மேடு, பட்டினச்சேரி, கோட்டுச்சேரிமேடு முதலிய மீனவக் கிராமங்களை அலை சூறையாடியது. காரைக்கால் பகுதியில் மட்டும் கிட்டத்தட்ட 500 பேர் மாண்டனர். அடுத்துள்ள நாகை மாவட்டத்தில் 6,000க்கும் மேற்பட்டோர். வாஞ்சூர் எல்லையைத் தாண்டியதும் வரும் நாகூரில், தர்காவுக்குச் சொந்தமான நிலம் சமயம் பாராமல் இறந்தோரை அடக்கம் செய்யத் திறந்துவிடப்பட்டது. வடக்கே பரங்கிப்பேட்டையில் ஜமாஅத்தினர் மீனவக் குடும்பங்களைத் தங்கவைத்து உணவளித்தனர். தலைமுறை தலைமுறையாக மீனும் அரிசியும், கடனும் கைமாற்றும், மாமன் மச்சான் என்ற அழைப்பும் மாறி மாறிச் சென்ற கரை இது. அந்தப் பழக்கம்தான் அன்று கதவுகளைத் திறந்தது.

ஆனால் ஊர் செய்த நன்மை, தனிமனிதனின் கடனைத் தீர்த்துவிடாது. இதை நான் என் வாழ்விலிருந்தே சொல்ல வேண்டியிருக்கிறது. பிறருக்குப் படிப்பினையாகட்டும் என்பதற்காகவே சொல்கிறேன்.

காசு வந்தது, பிள்ளை வரவில்லை

என் வாப்பா சிறிய மளிகைக் கடை வைத்திருந்தார்கள். மழைக்காலத்தில் கடலுக்குப் போக முடியாத நாட்களில் மீனவ வீடுகளுக்கு அரிசி, பருப்பு கடனாகச் செல்லும். அப்படிப் பழகிய ஒருவர் வாப்பாவின் உற்ற நண்பரானார். ஒருவரையொருவர் ‘மச்சான்’ என்றே அழைப்பார்கள். நாங்கள் அவரை ‘மாமா’ என்போம்.

1999ஆம் ஆண்டு வாப்பா நோயில் விழுந்தபோது நான் வளைகுடாவில் இருந்தேன். விடுப்புக் கிடைக்கவில்லை. மருத்துவமனையில் பதினோரு இரவுகள் அந்த மாமாதான் கட்டிலுக்கு அருகில் தரையில் படுத்திருந்தார். கஞ்சியை ஊதி ஊட்டினார். தொழுகை நேரத்தில் ஒளூச் செய்யத் தண்ணீர் ஊற்றினார். கிப்லாத் திசையை உம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, ஒவ்வொரு வக்திலும் வாப்பாவை அப்பக்கம் சாய்த்து உட்காரவைத்தார். வாப்பா மறைந்தபோது மையவாடியின் வாசல்வரை வந்து, கூட்டம் கலையும்வரை வெளியே நின்றிருந்தார். மகனாகிய நான் செய்ய வேண்டியவை அனைத்தும் அவை. நான் தொலைபேசியின் மறுமுனையில் அழுதுகொண்டிருந்தேன்.

2004இல் அலை அவருடைய மனைவியைக் கொண்டுசென்றது. செய்தி அறிந்து உறவினர் ஒருவர் மூலம் பணம் அனுப்பினேன். கொஞ்சம் பெரிய தொகைதான். அதோடு கடமை தீர்ந்தது என்று எண்ணினேன். 2006இல் விடுமுறையில் ஊருக்கு வந்தேன். ஒரு கல்யாணம், ஒரு வீட்டு வேலை, பத்திரப் பதிவு என்று நாற்பது நாட்களும் ஓடின. அவர் வீடு நான்கு கிலோமீட்டர் தூரம். போகவில்லை. அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

அடுத்த முறை 2008இல் சென்றேன். கரையிலிருந்து தள்ளிக் கட்டப்பட்ட சுனாமிக் குடியிருப்பில் அவருடைய மகன் என்னை வரவேற்று நாற்காலி போட்டார். மாமா இறந்து நான்கு மாதங்கள் ஆகியிருந்தன. நான் தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன். பணம் வந்து சேர்ந்ததா என்று எதையோ கேட்க வேண்டும் என்பதற்காகக் கேட்டேன். அந்தத் தம்பி சற்றுத் தயங்கினார். பின்னர், “வந்துச்சுண்ணே. அப்பா ஒரே ஒரு தடவை சொன்னாரு, காசு வந்துட்டுது, புள்ள வரலியேன்னு” என்றார். குறையாகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதிலாகவே சொன்னார்.

சகோதரர்களே! அன்று எனக்கு ஷுக்ரின் மூன்றாவது இடம் எதுவென்று விளங்கியது. என் உள்ளத்தில் நன்றி இருந்தது. என் நாவில் இருந்தது. என் பணப்பையிலும் இருந்தது. என் கால்களில் இல்லை. மனைவியை இழந்த ஒரு முதியவருக்குத் தேவைப்பட்டது பணம் மட்டுமல்ல. யாருக்காகப் பதினோரு இரவுகள் விழித்திருந்தாரோ, அவருடைய மகன் வந்து பக்கத்தில் உட்கார வேண்டும் என்பதே.

துக்கமும் நன்றியும்

இழப்பைக் கண்டு அழுவது ஈமானுக்கு முரணானதன்று. தம் குழந்தை இப்ராஹீம் மடியில் உயிர் துறந்தபோது நபியவர்களின் கண்கள் நீர் சொரிந்தன. கண் அழும், உள்ளம் வருந்தும், ஆயினும் இறைவனுக்கு உவப்பானதையே நாவு சொல்லும் என்ற கருத்தை அப்போது உணர்த்தினார்கள். (நூல்: புகாரி) பொறுமை என்பது கண்ணீர் வராமல் இருப்பதன்று, கண்ணீரோடு இறைவனின் தீர்ப்பை ஏற்றுக்கொள்வதே பொறுமை.

இன்னும் ஒன்றைக் கவனியுங்கள். யாருக்காக நாம் அதிகம் அழுகிறோம்? யாரிடமிருந்து அதிகம் பெற்றோமோ அவருக்காக. எனவே துக்கத்தின் உள்ளே நன்றி ஒளிந்திருக்கிறது. கதீஜா நாயகியின் கழுத்தணியைக் கண்டு நபியவர்கள் நெகிழ்ந்தது துக்கமா, நன்றியா, அன்பா என்று பிரித்துச்சொல்ல யாராலும் முடியாது. ஆனால் அந்த நெகிழ்ச்சியோடு அவர்கள் நின்றுவிடவில்லை. அது ஒரு கைதியின் விடுதலையாக மாறியது. நம் துக்கமும் யாருக்காவது பயன்தரும் செயலாக மாறினால்தான் அது நன்றியாகிறது.

நாம் செய்யக் கூடியவை

ஒருவர் நமக்கு நன்மை செய்தால் அதற்கு ஈடு செய்ய வேண்டும். இயலாவிட்டால் ஈடு செய்துவிட்டோம் என்று மனம் நிறையும்வரை அவருக்காகப் பிரார்த்திக்க வேண்டும் என்ற கருத்தில் நபிமொழி உள்ளது. (நூல்: அபூதாவூத்) மறைந்தவர் முஸ்லிமாக இருந்தால் துஆவும் தர்மமும் அவருக்குச் சென்று சேரும் வழிகள். மாற்றுச் சமயத்தவராக இருந்தால், முத்இமை நபியவர்கள் நினைவுகூர்ந்ததுபோல் அவருடைய நன்மையை எடுத்துச்சொல்லலாம். அவர் விட்டுச்சென்ற பிள்ளைகளுக்கு உறவாக நிற்கலாம்.

இந்த வாரம் உங்கள் வீட்டில் இதைச் செய்து பாருங்கள். வாப்பா, உம்மா உயிரோடு இருந்தால் அருகில் அமர்ந்து, அவர்களுடைய கஷ்ட காலத்தில் யார் யார் துணை நின்றார்கள் என்று கேளுங்கள். பெண்கள் தம் உம்மாவின் தோழியரைக் கேட்டறியுங்கள். அவர்களில் பலர் இன்று தனியாக இருப்பார்கள். பெற்றோர் மறைந்துவிட்டால் பெரியவர்களிடம் விசாரியுங்கள். கிடைத்த பெயர்களை எழுதி வையுங்கள். அவர்களில் உயிரோடு இருப்பவரைத் தேடிச் செல்லுங்கள். தொலைபேசியிலும் கைப்பேசியிலும் விசாரிப்பது நல்லதே. ஆனால் சைக்கிள் மிதித்தால் சேர்ந்துவிடும் தூரத்தில் இருப்பவருக்கு அது போதாது. பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள். இவர்தான் உன் அப்பாவுக்காக விழித்திருந்தவர் என்று அவர் முன்னிலையிலேயே சொல்லுங்கள். அந்த வார்த்தை அவருக்குக் கூலி; உங்கள் பிள்ளைக்குப் பாடம்.

அந்த மீனவத் தம்பியின் வீட்டுக்கு இன்றும் நான் சென்று வருகிறேன். அவருடைய மகளின் திருமணத்தில் என் பிள்ளைகள் பந்தி பரிமாறினார்கள். பெருநாள் அன்று எங்கள் வீட்டுச் சோறு அவர்கள் வீட்டுக்குச் செல்கிறது. இவை எதுவும் அந்தப் பதினோரு இரவுகளுக்கு ஈடாகாது என்பதை நான் அறிவேன். மாமாவிடம் நேரில் சொல்ல வேண்டியிருந்த சொல் என் தொண்டையில் இன்னும் அப்படியே இருக்கிறது. உங்களுக்கு அந்த நிலை வர வேண்டாம்.

நன்மைக்கு நன்மையைத் தவிர வேறு கூலி இல்லை என்று அர்ரஹ்மான் அத்தியாயத்தில் அல்லாஹ் நமக்கு உணர்த்துகிறான். தன் அடியார்களில் நன்றியுடையோர் குறைவானவர்களே என்றும் வேறிடத்தில் சுட்டிக்காட்டுகிறான். அந்தக் குறைவானவர்களின் கூட்டத்தில் நம்மையும் நம் பிள்ளைகளையும் அவன் சேர்த்தருள்வானாக! நம்மை வளர்த்து மறைந்த பெற்றோரின் கப்ருகளை ஒளிமயமாக்குவானாக! நம் பெற்றோரை நேசித்தவர்களை நாமும் நேசித்து, அவர்கள் வாசலுக்கு நடந்து செல்லும் கால்களை நமக்குத் தருவானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.